பேராக்கின் பழைய காடிகளும் எழுதப்படாத பட்டறைப் பாடங்களும்

ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் பழைய கூட்டரசுச் சாலையில், சுண்ணாம்புக்கல் மலைகளும் அவற்றைக் குடையும் கல்குவாரிகளும் சூழ்ந்த சந்திப்பு சிம்பாங் பூலாய். இங்கே கிழக்கே பிரியும் 185ஆம் எண் சாலை கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறது. மேலே காய்கறித் தோட்டங்களின் செங்குத்துப் பாதைகளில் கோசு மூட்டை சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்கலாம். ஓட்டுகிறவரைவிட மூத்த வண்டிகளும் அவற்றில் உண்டு. கீழே சமவெளியில், ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட ஊர்களில், அதே காலத்து மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் வாரம் முழுக்கத் துணிப்போர்வைக்குள் கிடந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகின்றன. மேலே ஓடுவது பிழைப்புக்கு, கீழே ஓடுவது ஆசைக்கு. இரண்டையும் ஓடவைக்கும் அறிவு ஒன்றுதான். அந்த அறிவு யாரிடம் இருக்கிறது, எப்படிக் கைமாறுகிறது, எங்கே தொலைகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும் எஃகு. அதே ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனருக்குத் தனி அடிச்சட்டமே கிடையாது. தரைத்தகடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. ஆகவே ஒரே மழையில் நனைந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. லேண்ட் ரோவரின் மேனி பளபளக்க, அடிச்சட்டம் உள்ளிருந்து பொத்துப்போகும். மைனரின் கதவடித் தகட்டில் சாயம் கொப்புளித்திருந்தால், உள்ளே பாரம் தாங்கும் பெட்டியே போயிருக்கலாம். பிரிட்டிஷ் கையேடுகள் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பை நினைத்து எழுதப்பட்டவை. இங்கே உப்பு இல்லை. ஆண்டு முழுதும் சூடும் ஈரமும் உண்டு. பெட்டித் தகட்டுக்குள் தேங்கும் மழைநீர், வெடித்துப்போகும் ரப்பர், எலி கடித்த ஒயர், பூஞ்சை பிடித்த தோல் இருக்கை ஆகியவைதாம் நம் தலைவலி. மைனர் டிராவலர் வகையின் பின்பகுதி ஆஷ் மரச்சட்டத்தால் ஆனது. அதற்குப் பதிலாக நம்மூர் மரத்தில் எது பொருந்தும், எது இரண்டு மழைக்காலத்தில் வெடிக்கும், கறையான் எதைத் தொடாது என்று எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லாது. செய்து பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

மலேசியத் தமிழர்கள் காரைக் காடி என்பார்கள், செய்து பார்த்தவரைப் போமென் என்பார்கள். பட்டறையில் வேலை பார்க்கும் மெக்கானிக் எல்லாரும் போமென்தான்.

போமெனின் அறிவு எத்தகையது என்று தெரிய மோரிஸ் மைனரின் முன்சக்கரத்தைப் பார்க்கலாம். திசை திருப்பும்போது சக்கரத்தைச் சுழலவிடும் கிங்பின்னின் மேலும் கீழும் ‘ட்ரனியன்’ எனப்படும் மரை வெட்டிய துண்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கச் சக்கரத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. கிரீஸ் வறண்டால் மரை தேயும். தேய்ந்துகொண்டே போய் ஒருநாள் கீழ்த்துண்டு கழன்றுவிட, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி வண்டி மூக்கைத் தரையில் குத்தி நிற்கும். பழைய மைனர்களின் பேர்போன கோளாறு இது. பெரும்பாலும் மெதுவாக, வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது நேர்வதால் உயிர்ச்சேதம் குறைவு.

கையேடு ‘கிரீஸ் அடிக்கவும்’ என்று சொல்லிவிட்டது. அது சரிதான், ஆனால் போதாது. சக்கரம் தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்தும் முகத்துக்குள் கிரீஸ் நுழையாது, எதிர்ப்பக்கமாக வழிந்துவிடும். ஜாக்கி போட்டுப் பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால்தான் தேய்கிற இடத்துக்குப் போகும். இதை ஒருவர் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஜாக்கியில் நிற்கும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, இந்த ஆட்டம் போதும், இது மிஞ்சிவிட்டது என்று முடிவெடுப்பது கையின் வேலை. பத்து நல்ல சக்கரத்தையும் பத்துக் கெட்ட சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்த கைக்குத்தான் அது தெரியும். 1966இல் வெளியான ‘த டாசிட் டைமன்ஷன்’ என்ற நூலில் மைக்கேல் பொலானி இதைத்தான் விளக்கினார்: மனிதருக்குத் தெரிந்தது அவர் சொல்ல முடிவதைவிட எப்போதும் அதிகம்.

பொலானியைப் படித்தவர்கள் சிலர் அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டார்கள். ‘கைத்தொழிலை எழுத முடியாது, கிழவர் போனால் வித்தையும் போச்சு’ என்ற பேச்சைப் பழைய காடி வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கலாம். இதில் பாதிதான் உண்மை. கைநுட்பத்தோடு ஒட்டிக்கொண்டு, மிக எளிதாக எழுதிவைக்கக்கூடிய விவரங்களும் ஏராளம் தொலைகின்றன.

மரைகளையே எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் நாட்டு ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் கவென்ட்ரி தொழிற்சாலையை 1923இல் மோரிஸ் வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. அதை மாற்றச் செலவாகும் என்பதால் மரையை அப்படியே விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் பிரிட்டிஷ் ஸ்பேனருக்குப் பொருந்தும் அளவில் செய்தார்கள். அந்த வழிவந்த மோரிஸ், எம்ஜி எஞ்சின்களில் 1950கள் வரை இந்த விசித்திரம் தொடர்ந்தது. ஸ்பேனர் பொருந்துகிறதே என்று நம்பி பிரிட்டிஷ் மரை போல்ட்டை முறுக்கினால் எஞ்சின் வார்ப்பின் மரை சிதைந்துபோகும். 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்தபின் மைனருக்கு ஆஸ்டினின் 803 சிசி எஞ்சின் வந்தது. அதில் மரையும் மாறிவிட்டது. எனவே வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மைனர்களுக்கு எஞ்சினில் வெவ்வேறு மரை. எந்த எஞ்சினுக்கு எந்த டேப், எந்த டை என்று ஓர் அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினால் தீர்ந்தது. இதற்கு ஞானம் வேண்டாம், ஒரு பேனா போதும்.

இன்னொரு வகை விவரமும் இருக்கிறது. என் கணக்கில் அதுதான் மிக முக்கியம், அதுதான் முதலில் தொலைகிறது. குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு என்ன நடந்தது என்ற வரலாறு அது. லூக்காஸ் மின்சாதனங்கள் பொருத்திய பிரிட்டிஷ் வண்டிகளில் ஒயரின் நிறத்துக்கு ஒழுங்கு உண்டு: பழுப்பு நிறத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், வெள்ளை சாவி போட்டால் உயிர்பெறும், பச்சை ஃபியூஸ் வழியாக வரும், கறுப்பு எர்த். படித்துக்கொண்டால் எந்த வண்டியையும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அறுபது ஆண்டுகளில் ஐந்து கை மாறிய ஒரு பேராக் வண்டியில், அவரவர் கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் இழுத்திருப்பார்கள். சிவப்பு ஒயர் ஹார்னுக்குப் போகும், மஞ்சள் எங்கேயும் போகாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். பிறகு ஒருவர் ரேடியோ வைப்பதற்காக அதை எதிர்முனைக்கு மாற்றியிருப்பார்; மாற்றியதை எங்கும் எழுதியிருக்கமாட்டார். அடுத்தவர் பேட்டரியை மாட்டும்போது புகை வரும்.

கேள்வியைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்க்கலாம். பழுதுபார்ப்பவர்கள் எப்படி அறிவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் ஜூலியன் ஆர் முக்கியமானவர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த ஊழியர்களோடு கூடவே போய், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர்கள் பேசியதைக் கேட்டு எழுதிய அவரது நூல் 1996இல் வந்தது. நிறுவனம் தந்த கையேடு கோளாறுகளைக் கிளைகிளையாகப் பிரித்து ‘இதைப் பார், இல்லையென்றால் அதைப் பார்’ என்று சொன்னது. ஊழியர்களோ கதை சொன்னார்கள். ‘அந்த மெஷின் இருக்கே, அன்றைக்கு என்ன செய்தது தெரியுமா’ என்று தொடங்கி, தவறாகப் புரிந்துகொண்டது, அலைந்தது, கடைசியில் பிடிபட்டது வரை ஒரு கதை. கதைக்குள் கோளாறும் அறிகுறியும் சூழலும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஆகவே அது நினைவில் நின்றது.

சிம்பாங் பூலாய் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்காருகிறவர்களுக்கு இது புதிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. ஆனால் அதன் தொடர்ச்சி கவனிக்க வேண்டியது. ஜெராக்ஸ் 1990களில் இந்தக் கதைகளைத் திரட்ட ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பிரான்சில்தான் முதல் முயற்சி. ஓர் ஊழியர் ஒரு குறிப்பை எழுதி அனுப்பினால், அதே தொழில் தெரிந்த வேறு ஊழியர்கள் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே அது எல்லாருக்கும் போனது. குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது அது வேண்டாம் என்று முடிவானது. பணம் வந்தால் தரம் போய் எண்ணிக்கை வந்துவிடும். அதற்குப் பதிலாகக் குறிப்போடு எழுதியவரின் பெயர் ஒட்டப்பட்டது. அந்தப் பெயர்தான் ஏற்பாட்டைத் தாங்கியது.

இனி பேராக்குக்கு வருவோம். இங்கே பழைய வண்டிகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், கிந்தா பள்ளத்தாக்கு வண்டி செய்யாவிட்டாலும் இயந்திரம் தெரிந்த ஊர் என்பது. ஈயச் சுரங்கங்களில் கல்லும் மணலும் கலந்த நீரை இறைத்த பம்புகள் தேய்ந்துகொண்டே இருந்தன. அவற்றின் உறுப்புகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் காத்திருக்க முடியாது. ஈப்போவைச் சுற்றி வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் அப்படித்தான் பெருகின. தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் டிடி5 ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்தது. இத்தனை ஆண்டு அதை ஓடவைத்தவர்கள் தேய்ந்த உறுப்பை அளந்து, வார்த்து, கடைந்து போட்டவர்கள். ரப்பர் தோட்டங்களில் பால் உறையவைத்துத் தகடாக்கும் ஆலைக்கு எஞ்சின் இருந்தது, எஞ்சினுக்குக் கொட்டகை இருந்தது, கொட்டகையில் தமிழர் இருந்தார். துரையின் லேண்ட் ரோவரும் கிராணியின் மைனரும் அதே கொட்டகையில்தான் படுத்து எழுந்தன. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோதும், அந்தக் கைகள் சாலையோரப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன.

கோயம்புத்தூரிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. அங்கே பஞ்சாலைகளும் கிணற்றுப் பம்புகளும் வார்ப்படத் தொழிலை வளர்த்தன. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய ஜி.டி. நாயுடு, பேருந்தைப் பழுதுபார்க்கும் பட்டறையையே பள்ளிக்கூடமாக நினைத்தவர். அவர் குடும்பத்து வண்டிகளோடு 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் இன்று அவினாசி சாலையில் இருக்கிறது. காடி சேகரிப்பு அங்கே தொழில் வரலாற்றின் பகுதி. நம் ஈப்போவில் ஈயத்துக்குக் காட்சிக்கூடம் உண்டு, பழைய கட்டடத்துக்குச் சுற்றுலா உண்டு. பட்டறைக்கு ஒன்றுமில்லை.

உள்ளூர் அறிவை உள்ளூரிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தது. மூலம் பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. பிரிட்டனில் அதற்கு இரண்டு கதவுதான். இந்தியக் குடும்பத்துக்குப் பின்கதவு வேண்டும் என்று சென்னைக்காரர்கள் நான்கு கதவு வண்டியை அறுபதுகளில் தாமே வடிவமைத்தார்கள். பிறகு எழுபதுகளில் கெஸல் என்ற வண்டியில் பின்னச்சையே மாற்றினார்கள். டிரையம்பின் பின்பக்க ஸ்பிரிங் அமைப்பு இந்தியச் சாலைக்கும் இந்தியப் பட்டறைக்கும் சரிப்படவில்லை. இன்று அந்த நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுக் கீலைப் பற்றி டிரையம்ப் சங்கத்தின் எந்த வெளியீட்டிலும் தேட முடியாது. அது பிரிட்டனில் இருந்ததே இல்லை. சென்னையில் வைத்திருப்பவர்கள் எழுதாவிட்டால் அந்தக் கீலின் கதை உலகத்தில் யாரிடமும் இருக்காது.

பிரிட்டனில் ஏன் இவ்வளவு எழுதிவைத்திருக்கிறார்கள்? அவர்கள் நம்மைவிடப் பொறுப்பானவர்கள் என்பதால் என்று நான் நினைக்கவில்லை. சங்கங்கள் சீக்கிரம் வந்தன. வெட்ரன் கார் கிளப் 1930லேயே தொடங்கிவிட்டது. சந்தையும் பெரியது. மூல அச்சுகளையும் கருவிகளையும் காப்பாற்ற 1975இல் ஏற்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ், 1988இல் எம்ஜிபி காரின் முழு உடற்கூட்டையே மறுபடி அடித்து விற்றது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, உங்கள் வண்டி எந்தத் தேதியில் எந்த நிறத்தில் செய்யப்பட்டு எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறது. இவற்றின் பயன் நமக்கும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் வண்டி கப்பல் ஏறிய நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் இங்கே கழிந்த அறுபது, எழுபது ஆண்டுகளை அவர்கள் எழுத முடியாது.

வண்டியைத் தானே பழுதுபார்க்கிறவர்களுக்கான ஹேன்ஸ் கையேடுகள் பிறந்த கதையும் இங்கே பொருந்தும். ஜான் ஹேன்ஸ் பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது, உடன் வேலை பார்த்தவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துக் கட்ட உதவினார். நிறுவனத்தின் கையேடு, எல்லாக் கருவிகளும் உள்ள பட்டறைக்கு எழுதப்பட்டிருந்தது, தனியாளுக்கு உதவவில்லை. பிரிக்கப் பிரிக்க வரிசையாகப் படம் எடுத்தார்கள். 1966இல் வெளிவந்த முதல் ஹேன்ஸ் கையேடு அந்தப் படங்களின் வழியில் ஆனது. பாலைவனத்தின் ஓரத்தில், சரியான கருவி இல்லாத இடத்தில் பிறந்த முறை அது.

அப்படியானால் பேராக்கில் எதை, எப்படி ஒழுங்குபடுத்துவது? இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். பழைய காடி ஆர்வலர்கள் பொதுவாக அறிவை வண்டிப் பெயரில் அடுக்குகிறார்கள்: மைனர்காரர்கள் ஒரு பக்கம், மெர்சிடிஸ்காரர்கள் ஒரு பக்கம், டாட்சன் 120ஒய் இளைஞர்கள் வேறு பக்கம். ஊர்வலத்துக்கு அது வசதி. கோளாறுக்கு அது வசதியில்லை. எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பு மைனரிலும் இருக்கிறது, எம்ஜியிலும் இருக்கிறது, ஜாகுவாரிலும் இருக்கிறது. சாவி போட்டதும் அது ‘டிக் டிக்’ என்று அடித்து, பெட்ரோல் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் உள்ளிருக்கும் மின்தொடர்புப் புள்ளிகள் கருகியிருக்கலாம். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் உயிர் வந்து வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். நிற்காமல் படபடவென்று அடித்தால் டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. இந்தப் பாடத்தை ‘மைனர்’ என்ற தலைப்பில் வைத்தால் எம்ஜிக்காரர் பார்க்கமாட்டார். ‘சாவி போட்டால் பம்பு சத்தம் இல்லை’ என்ற தலைப்பில் வைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

அதாவது, வண்டிக்காரர் வாயிலிருந்து வரும் புகார்தான் தலைப்பாக இருக்க வேண்டும். ‘சூடானால் நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் கழித்துக் கிளம்புகிறது.’ இதற்குப் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம், இக்னிஷன் காயில் சூட்டில் மடங்கலாம், கண்டென்சர் போயிருக்கலாம். எதை முதலில் பார்த்தார், எது பலிக்கவில்லை, எது பலித்தது, எந்த வண்டி, எந்த ஆண்டு, மறுபடி எவ்வளவு காலம் ஓடியது, சரிசெய்தவர் யார். பலிக்காததை எழுதுவது மிக அவசியம், ஆனால் அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தோற்ற முயற்சி எழுதப்படாததால் அடுத்தவர் அதே உறுப்பை வாங்கி அதே பணத்தைத் தொலைக்கிறார்.

மாற்று உறுப்புகளின் கணக்கும் இதோடு சேர வேண்டும். எந்த ஜப்பான் வண்டியின் பேரிங் இதற்குப் பொருந்தும், எந்த ஆயில் சீல் அளவு சரிவரும் என்பதெல்லாம் ஈப்போ ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளின் பழைய முதலாளிகளான தவுக்கேமார்களின் தலையில் இருக்கின்றன. தவுக்கே அளவுகோலால் ஒரு முறை அளப்பார், அலமாரிக்குப் போவார், எடுத்து வருவார். கடை மகனுக்குப் போனபின் கணினியில் வண்டிப் பெயரைத் தட்டுவார்கள். ‘இல்லை’ என்று வரும். பொருள் அலமாரியிலேயே இருக்கும்.

கதவு ரப்பர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. உலகத்துக்கே பால் வெட்டிக் கொடுத்த மாநிலத்தில், மைனரின் கதவு ரப்பரை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கிறோம். அச்சுச் செலவைப் பங்குபோட ஐம்பது பேர் சேர்ந்தால் இங்கேயே இழுத்துவிடலாம். நாம் கூட்டுச் சேரத் தெரியாத சமூகமும் இல்லை. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் துண்டாடப்படவிருந்த தோட்டங்களையே வாங்கினார். தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு செட் டேப்பும் டையும் ரீமரும் பொதுவில் வாங்கிவைப்பது பெரிய காரியமா? உறுப்பை உள்ளூரிலேயே செய்வதும் புதிய யோசனை இல்லை. இலங்கைத் தென்கரையில் 1990களில் மோரிஸ் மைனரின் தகட்டு உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் முயற்சி நடந்தது. பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவரின் யோசனை அது. மைனர் நிறைய ஓடிய நாட்டில் மைனர் தெரிந்த கை இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். போமென் ஏன் சொல்ல வேண்டும்? கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்வது அவர் பிழைப்பு. அதைச் சொல்லிக்கொடுத்தால், ஆசைக்காகக் காடி வைத்திருக்கும் வசதியானவர் அடுத்த முறை தானே செய்துகொள்வார், அல்லது இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோவார். சங்க மலரில் வண்டிக்காரரின் படம் வரும்; ஆறு மாதம் அடியில் படுத்து வேலை செய்தவரின் பெயர் இருக்காது. தொழில் ரகசியம் என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதில் பெரும்பங்கு இந்த அவமதிப்புக்கு வந்த பதில்தான். யுரேகாவின் பாடம் இங்கே செல்லும்: பெயர் வரட்டும். அதோடு கூலியும் வர வேண்டும். பதிவெடுக்க ஒரு நாள் உட்காரவைத்தால் அன்றைய பட்டறை வருமானத்தைக் கொடுத்துவிடுவதே முறை.

உட்காரவைத்து என்ன கேட்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற சமூகவியலாளர், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் சாப் கார்களைப் பழுதுபார்த்த வில்லி என்பவரைப் பற்றி 1987இல் ஒரு நூல் எழுதினார். ‘எப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால் கைத்தொழிலாளி வாயடைத்துப்போவார். ஹார்ப்பர் வில்லியின் வேலையைப் படமெடுத்து, பிறகு அந்தப் படங்களை வில்லியிடமே காட்டிப் பேச்சுக் கொடுத்தார். ‘இந்த இடத்தில் ஏன் கை இப்படி இருக்கிறது’ என்று கேட்டால் பதில் வரும். இன்று எல்லார் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. வேலையை எடுப்பது சுலபம். எடுத்ததைத் திரும்பக் காட்டிக் கேட்பதைத்தான் யாரும் செய்வதில்லை.

எது அசல் என்ற சண்டை இந்த வட்டாரத்தில் ஓய்வதே இல்லை. பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966இல் அமைந்தது. அது 2012இல் ஏற்ற டூரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் போகிறது: புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பது மேல், செய்ததையெல்லாம் எழுதிவை, மாற்றிய உறுப்பை உறுத்தாத அடையாளத்தால் காட்டு. இந்தியா 2021இல் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற தனிப் பதிவெண் வரிசையைக் கொண்டுவந்தபோது, வண்டி பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்று விதித்தது. கேமரன் மலை லேண்ட் ரோவர்களில் ஜப்பான் டீசல் எஞ்சின் ஏறியவை உண்டு. சாசனத்தின் கண்ணில் அவை கெட்டுப்போனவை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோல் விலையும் மலை ஏற்றமும் கோசு மூட்டையும் சேர்ந்து அந்த எஞ்சினை ஏற்றின. அதுவும் இந்த வண்டியின் வரலாறு. ஆனால் சாசனத்தின் இரண்டாவது கட்டளை இரு தரப்புக்கும் பொது. மாற்றியதை எழுதிவை. இங்கே எஞ்சின் மாற்றினால் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிந்தாக வேண்டும். அதைத் தவிர வண்டியின் வாழ்க்கையைச் சொல்லும் தாள் எதுவும் பெரும்பாலான வீடுகளில் இல்லை.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. முப்பது ஆண்டு கடந்த வண்டியைத்தான் ஃபீவா வரலாற்று வண்டி என்கிறது. அந்தக் கணக்கில் நம் சொந்தக் காடி 2015லேயே அந்த வரிசைக்கு வந்துவிட்டது. மைனரின் கதையைச் சொல்லக்கூடியவர்களில் பலர் இன்று இல்லை. சாகாவைத் தொழிற்சாலையில் கட்டியவர்கள், முதல் பத்தாண்டு பழுதுபார்த்தவர்கள், விபத்தில் நசுங்கியதை நிமிர்த்தியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். புரோட்டோனின் பெரிய தொழிற்சாலையும் இதே பேராக்கின் தஞ்சோங் மாலிமில்தான். மைனரில் தவறவிட்டதைச் சாகாவில் தவறவிட்டால் அதற்குச் சாக்கு கிடையாது.

தொடங்குவதற்குச் சங்கம் பதிய வேண்டாம், கட்டடம் வேண்டாம். உங்கள் அப்பாவோ மாமாவோ பட்டறை வைத்திருந்தவரா? அவர் சட்டைப்பையில் வைத்திருந்த 555 என்ற சிறு குறிப்புப் புத்தகங்கள் எங்கேனும் மூட்டையாகக் கிடக்கும். கடன் கணக்குக்கு நடுவே பிளக் இடைவெளியும் கார்புரேட்டர் ஊசி எண்ணும் ஏதோ ஒரு லேத் பட்டறையின் தொலைபேசி எண்ணும் எழுதியிருப்பார். எண்ணெய்க்கறை படிந்த அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். யாருடையது, எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆண்டு என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் எந்த வண்டிக்கு எழுதியது என்று கேட்டுவிடுங்கள்.